அடிமைக்கு இட்ட பெயர்!

பெற்ற பிள்ளைக்கு நாய் என்று பெயர் வைப்பார்களா? பாறை என்று வைப்பார்களா? கசப்பு என்று வைப்பார்களா? வைத்தார்கள்! அரபு நாட்டிலே, இசுலாம் தோன்றுவதற்கு முந்திய நாட்களிலே, பெருங்குடிப் பிறந்தோர் தம் ஆண் மக்களுக்கு அப்படித்தான் பெயரிட்டார்கள். கல்ப் என்றால் நாய். முர்ரா என்றால் கசப்பு. மக்கா நகரின் பெருந்தலைவராக விளங்கிய அபூசுப்யானின் இயற்பெயர் ஸக்ர். அவருடைய தந்தையின் பெயர் ஹர்ப். ஸக்ர் என்றால் பாறை, ஹர்ப் என்றால் போர். போர் பெற்ற பிள்ளை பாறை!

சரி, அத்தகைய வீடுகளிலே ஒட்டகத்துக்கு நீர் காட்டியும், சுமை தூக்கியும், அடிபட்டும் மிதிபட்டும் கிடந்த அடிமைகளுக்கு என்ன பெயர் இட்டார்கள்? அங்கேதான் விந்தை. ரபாஹ் — இலாபம். யஸார் — வளம். நாஃபிஉ — பயன் தருபவன். அஃப்லஹ் — வெற்றி பெற்றவன். வாயினிக்கும் பெயர்கள், காதினிக்கும் பெயர்கள்!

ஏன் இந்தத் தலைகீழ் வழக்கம் என்று பெரியவர் ஒருவரைக் கேட்டபோது, பிள்ளைகளுக்கு இடும் பெயர் பகைவர் கேட்டு நடுங்குவதற்காக, அடிமைகளுக்கு இடும் பெயர் நாங்கள் கேட்டு மகிழ்வதற்காக என்று அவர் விடையளித்ததாக அரபு மொழியின் பழைய சொல்லாராய்ச்சி நூல்கள் கூறுகின்றன.

பார்த்தீர்களா தோழர்களே, எஜமானனின் அறிவுக் கூர்மையை! மகனுடைய பெயர் போர்க்களத்திலே முழங்க வேண்டும். ஆகவே அது கல்லாகவும் முள்ளாகவும் இருக்கட்டும். அடிமையின் பெயரையோ நாளொன்றுக்கு நூறு முறை நம் நாக்கே சொல்லியாக வேண்டும். "இலாபமே, இங்கே வா! வளமே, காலைப் பிடி! வெற்றியே, விறகை வெட்டு!" கூப்பிடுகிறவனுக்கு நல்ல சகுனம், கூப்பிடப்படுகிறவனுக்குச் சாட்டை. பெயர் அவனுக்குச் சூட்டப்பட்டது. பெயரின் பயன் மட்டும் ஆண்டையின் பெட்டிக்குப் போயிற்று.

இந்த வழக்கம் அந்த ஒரு காலத்தோடும் நின்றுவிடவில்லை. பின் வந்த நூற்றாண்டுகளிலே அடிமைச் சந்தை பெருகியபோது, விற்பனைச் சரக்குக்கு விலையுயர்ந்த சரக்குகளின் பெயரையே வைத்தார்கள். காஃபூர் — கற்பூரம். யாகூத் — மாணிக்கம். அம்பர் — வாசனைப் பொருள். கி.பி. 968-இல் மாண்ட எகிப்தின் ஆட்சித் தலைவர் காஃபூர், அடிமையாக வாங்கப்பட்ட கறுப்பர். அகமது நகர் ஆட்சியைத் தாங்கி நின்று, மொகலாயப் படையைத் திணறடித்து, 1626-இல் மறைந்த மாலிக் அம்பர், அபிசீனியாவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டவர். ஏன், 1311-இல் மதுரை வரை படை நடத்தி வந்தாரே மாலிக் கபூர், அவரும் விலைக்கு வாங்கப்பட்டவர்தான். மதுரையைக் கலக்கியவரின் பெயருக்குப் பொருள் கற்பூரம்!

இந்தப் பெயர்களுக்கு நடுவிலேதான் ஒரு பெயரை எடுத்து இன்று பேச முற்படுகிறோம். அது பிலால்.

மக்காவிலே ஓர் அடிமைக் குடும்பம். தந்தை பெயர் ரபாஹ், அதாவது இலாபம். தாய் பெயர் ஹமாமா, அதாவது புறா. அபிசீனிய மரபிலே வந்த கறுப்புத் தாய். ஆறாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலே அந்த இலாபத்துக்கும் புறாவுக்கும் பிறந்த மகனுக்கு வாய்த்த பெயர்தான் பிலால்.

பொருள் என்ன? நனைப்பது. ஈரம். உலர்ந்த தொண்டையை நனைக்கும் நீரோ பாலோ எதுவோ, அது பிலால். மழையைக் காண்பதே அரிதாகிப்போன மண்ணிலே பிறந்த சொல் அது. அதன் அருமையைக் காவிரிக்கரைக்காரன் எடை போடுவது கடினம். அதே வேரிலிருந்து இன்னொரு வழக்கும் அரபியிலே உண்டு. சுற்றத்தாரோடு அன்பாக நடந்துகொள்வதை, உறவை நனைத்து வைப்பது என்பார்கள். காய்ந்தால் தோல் வெடிக்கும், நனைத்தால் ஒட்டும். உறவும் அப்படியாம். நோயாளி தேறி எழுவதற்கும் அதே வேர்ச்சொல் பயன்படுகிறது. நம் தமிழைப் பாருங்கள்! ஈரம் என்றால் நீரும் உண்டு, அன்பும் உண்டு. "நெஞ்சிலே ஈரமில்லாதவன்" என்று நாம் ஏசுகிறோமே, அந்த ஏச்சின் கருத்தை ஓர் அரபிக்கு விளக்க அதிகப் பாடுபட வேண்டியதில்லை.

ஈரம் என்ற பெயருடையவனை எங்கே கிடத்தினார்கள்? நண்பகல் வெயிலிலே, கொதிக்கும் மணலிலே!

குறைசியர் குலத்தின் ஒரு கிளையான ஜுமஹ் குடியைச் சேர்ந்த உமையா என்பவன் பிலாலின் எஜமானன். நபிகள் நாயகம் ஓரிறைக் கொள்கையை எடுத்துரைக்கத் தொடங்கிய தொடக்க நாட்களிலேயே அதை ஏற்றுக்கொண்டவர்களில் பிலால் ஒருவர். அடிமைக்குச் சொந்தக் கருத்தா? ஆண்டை வணங்குவதை வணங்காத அடிமையா? உமையா துடித்தான். பகல் உச்சியிலே அவரை வெளியே இழுத்துச் சென்று, மணலிலே மல்லாக்கக் கிடத்தி, மார்பின்மீது பெருங்கல்லை ஏற்றி வைத்தான். கழுத்திலே கயிறு கட்டிச் சிறுவர் கையிலே கொடுத்து, மலைகளுக்கு நடுவே இழுத்துத் திரியச் செய்ததாகவும் பழைய வரலாறுகள் சொல்கின்றன. மறுத்துச் சொல், விட்டுவிடுகிறேன் என்றான். கல்லுக்கு அடியிலிருந்து ஒரே சொல்தான் வந்தது: அஹத். ஒருவன். மறுபடியும், அஹத்.

நீண்ட விவாதமில்லை, விளக்கவுரையில்லை. மூச்சு விடவே இடமில்லாத மார்பிலிருந்து ஈரெழுத்து மூன்றெழுத்துக்கு மேல் எப்படி வரும்?

பிறகு அபூபக்கர் அவரை உமையாவிடமிருந்து மீட்டு விடுதலை செய்தார். பின்னாளிலே உமர், அரபுப் பேரரசையே ஆண்ட உமர், அபூபக்கரைப் பற்றிப் பேசும்போது, அவர் நம் தலைவர், நம் தலைவர் ஒருவரை விடுதலை செய்தவர் என்ற கருத்துப்படக் கூறுவாராம். இரண்டாவதாகச் சொன்ன தலைவர் யார்? பிலால்! உமர் குறைசிக் குலத்தவர். பிலால் அதே குலத்தான் ஒருவனுடைய கட்டுத்தறியிலே கிடந்தவர்.

நபிகள் நாயகம் பலருடைய பெயர்களை மாற்றியவர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கரடுமுரடான பெயர்களை அவர் விரும்பியதில்லை. ஹஸ்ன் என்று ஒருவர். கரட்டு நிலம் என்று பொருள். மென்மை என்று பொருள்படும் ஸஹ்ல் என வைத்துக்கொள் என்று நாயகம் சொன்னபோது, தந்தை இட்ட பெயரை மாற்ற மாட்டேன் என்று அந்த மனிதர் மறுத்துவிட்டார். அந்தக் கரடுமுரடு எங்கள் குடும்பத்தைவிட்டுப் போகவே இல்லை என்று அவருடைய பேரர், அவர் பெரிய அறிஞர், பின்னாளிலே சொன்னாராம். இலாபம், வளம் போன்ற அடிமைப் பெயர்களையும் வைக்க வேண்டாம் என்று நாயகம் அறிவுரை கூறியதாக நபிமொழி நூல்கள் கூறுகின்றன. இலாபம் வீட்டிலே இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றல்லவா விடை வரும்! இப்படிப் பெயர் விஷயத்திலே கருத்துச் செலுத்தியவர், பிலால் என்ற பெயரை மட்டும் மாற்றவில்லை. ஈரம் ஈரமாகவே இருந்தது.

622-இல் மக்காவைத் துறந்து மதீனாவுக்குக் குடிபெயர்ந்த பிறகு, ஒரு கேள்வி எழுந்தது. தொழுகைக்கு மக்களை எப்படி அழைப்பது? கொம்பு ஊதலாமா? மரத்தாலான மணியைத் தட்டலாமா? யோசனைகள் பல. அப்துல்லா என்ற தோழர் தாம் கனவிலே கேட்டதாக அழைப்பு மொழிகளைச் சொன்னார். அவரே எழுந்து அழைத்திருக்கலாம். கனவு கண்டவர் அவர்தானே! ஆனால் அந்த மொழிகளை பிலாலுக்குச் சொல்லிக்கொடு, அவர் குரல் உன் குரலைவிட வளமானது என்று நாயகம் பணித்தார். பள்ளிவாசலுக்கு அருகே இருந்த வீடுகளில் உயரமான வீடு, நஜ்ஜார் குடியைச் சேர்ந்த ஒரு பெண்மணியுடையது. அந்த வீட்டுக் கூரைமீது ஏறி நின்று, வைகறை வெளுப்பைக் காத்திருந்து, பிலால் பாங்கு ஒலித்தார். இன்றைக்கு நானிலமெங்கும் நாளைக்கு ஐந்து முறை கேட்கிறதே, அந்த அழைப்பின் முதல் குரல், முன்னாள் அடிமை ஒருவரின் குரல்.

அந்தக் குரலையும் விட்டுவைத்தார்களா? பிலாலுக்கு ஷகரம் வராது, ஸகரமாகத்தான் வரும் என்று ஒரு கதை கட்டிவிட்டார்கள். அவரைப் புகழ்கிற சாக்கிலே, நாக்குத் திருந்தாதவராயினும் இறைவன் ஏற்றான் என்று உருக்கமாகச் சொல்லப்படும் கதை அது. மிஸ்ஸீ, இப்னு கஸீர் போன்ற 14-ஆம் நூற்றாண்டுப் பேரறிஞர்கள் ஆராய்ந்து பார்த்து, இதற்கு ஆதாரமில்லை, பாமரர் வாயிலே உலவும் பேச்சு என்று ஒதுக்கிவிட்டார்கள். குரல் வளத்துக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு உச்சரிப்பு வராதாம்! மேடையேறிப் பேசிப் பழகிய நமக்கு இந்தக் கதை எங்கிருந்து முளைத்திருக்கும் என்று ஊகிப்பது கடினமாயில்லை. கறுப்புத் தோலிலிருந்து பிழையில்லாத மொழி வரக்கூடும் என்பதை ஒப்புக்கொள்ளச் சிலருக்கு எப்போதுமே தொண்டை அடைக்கிறது.

624-இல் பத்ருப் போர். உமையா எதிரணியிலே வந்தான், சிறைப்பட்டான். பிலாலின் கண்ணிலே பட்டான். இவன் பிழைத்தால் நான் பிழைக்கமாட்டேன் என்று பிலால் கூவ, சூழ்ந்துகொண்டவர்கள் கையிலே அவன் மாண்டான். மார்பிலே கல் ஏற்றப்பட்டவர் கல்லாகிப்போய் நின்ற நொடி அது. வரலாற்றாசிரியர்கள் மறைக்கவில்லை, நாமும் மறைக்க வேண்டியதில்லை.

ஆறாண்டுகள் கழித்து, 630-இல், மக்கா பணிந்தது. கயிறு கட்டி இழுக்கப்பட்ட அதே ஊர்! அங்கே கஃபாவின் கூரைமீது ஏறிப் பாங்கு ஒலிக்குமாறு பிலாலுக்குக் கட்டளை. ஏறினார். கீழே குறைசிச் சீமான்கள் நிற்கிறார்கள். இந்தக் காட்சியைக் காணாமல் என் தந்தை முன்பே மாண்டாரே, நல்லதாயிற்று என்று ஒருவர் முணுமுணுத்ததாக வரலாறு குறித்து வைத்திருக்கிறது. எண்ணிப் பாருங்கள் தோழர்களே! ஊர் பறிபோனது, உருவச் சிலைகள் உடைபட்டன; எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டான் அந்தச் சீமான். கறுப்பு அடிமையின் மகன் கூரைமீது நிற்பதைத்தான் தாங்கமுடியவில்லை. தோல்வியைக்கூடப் பொறுத்துக்கொள்வான் மேட்டுக்குடியான். மேலே நிற்பவன் யார் என்பதுதான் அவனுக்கு விஷயம்.

எதிரணி மட்டுமல்ல. அபூதர் என்ற தோழர், நல்லவர், எளியவர், ஒரு நாள் சினத்திலே ஒருவரைத் தாயின் பெயரைச் சொல்லி இழித்துப் பேசிவிட்டார். கறுப்பியின் மகனே என்று அவர் ஏசியது பிலாலைத்தான் என்று மரபுரைகள் கூறுகின்றன. அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் உன்னிடம் இருக்கிறதே என்று நாயகம் அவரைக் கடிந்துகொண்டார். பிறகு அபூதர் தாம் உடுத்திய உடையின் தரத்திலேயே தம் பணியாளுக்கும் உடை கொடுத்து வாழ்ந்தார். கண்டவர்கள் வியந்து காரணம் கேட்க, அந்தக் கண்டிப்பைச் சொன்னாராம்.

632-இல் நாயகம் மறைந்தார். பிலாலுக்கு மதீனா பிடிக்கவில்லை. பாங்கு சொல்லும் கூரை இருக்கிறது, கேட்க வேண்டியவர் இல்லை. சிரியாவுக்குப் போய்விட்டார். உமர் அங்கே வந்திருந்தபோது கேட்டுக்கொண்டதற்கிணங்க ஒரே ஒரு முறை பாங்கு சொன்னார் என்றும், கூடியிருந்த மூத்த தோழர்கள் தாடி நனைய அழுதார்கள் என்றும் கூறுவர். பெயரின் பொருள் அன்று பலித்தது! ஏறத்தாழ 640-இல் அவர் காலமானார். டமாஸ்கசில் பாபுஸ் ஸகீர், அதாவது சின்ன வாசல் எனப்படும் இடுகாட்டிலே அவருடைய அடக்கத்தலம் காட்டப்படுகிறது.

மனிதர் மறைந்தார், பெயர் புறப்பட்டது! அரபு நாட்டுப் பாலையைத் தாண்டி, அவருடைய தாய் மரபின் ஆப்பிரிக்கக் கண்டத்துக்கே திரும்பிப் போயிற்று. மேற்கு ஆப்பிரிக்காவிலே 13-ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாத்தா, கெய்த்தா குலத்து மன்னன். பொன் விளையும் நாடு, படை பெருத்த நாடு. அந்தக் குலத்தின் வம்சாவளியை அங்குள்ள பாணர்கள் வழிவழியாகப் பாடுகிறார்கள். தொடக்கத்திலே யார்? பிலாலி பூனாமா, நாயகத்தின் தொண்டர் பிலால்! வரலாற்று உண்மையா என்று ஆராய்ச்சியாளர் தலையாட்டுவார்கள், ஆட்டட்டும். நமக்கு வியப்பு வேறு. உலகிலே எந்த மன்னனும் தன் வமிசத்தைச் சூரியனிடம் கொண்டுபோய் முடிப்பான், சந்திரனிடம் முடிப்பான், அக்கினியிலே பிறந்தேன் என்பான். அடிமைச் சந்தையிலே கொண்டுபோய் முடித்துப் பெருமைப்பட்ட அரச குலம் இது!

மொராக்கோவிலே கினாவா என்று ஒரு மக்கள் கூட்டம். சகாராவுக்குத் தெற்கேயிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர். இரும்புத் தாளம், மூன்று நரம்பு யாழ்; இரவெல்லாம் பாட்டு. பிலாலைத் தங்கள் ஆதி முன்னோராகக் கொண்டாடுகிறார்கள். எஸ்ஸவீரா என்ற கடற்கரை ஊரிலே அவர் பெயரால் அவர்களுக்கு ஒரு மடமே உண்டு. 2019-இல் அவர்களுடைய கலை யுனெஸ்கோவின் பண்பாட்டுப் பட்டியலிலே இடம்பெற்றது.

அங்கிருந்து அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டுவோம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலே சப்பேலோ என்று ஒரு தீவு. 19-ஆம் நூற்றாண்டிலே அங்கே ஸ்பால்டிங் என்ற பண்ணை முதலாளியிடம் அடிமையாயிருந்தவர் பிலாலி முகம்மது. கினி நாட்டின் ஃபுத்தா ஜல்லோன் மலைநாட்டிலே பிறந்து, கல்வி கற்று, பிடிபட்டு, விற்கப்பட்டவர். பெயரிலே பிலால், வாழ்விலேயும் பிலால்! அவர் 13 பக்கக் கையெழுத்துச் சுவடி ஒன்றை விட்டுச் சென்றார். அடிமைக்கு எழுத்து ஏது, ஏதோ நாட்குறிப்பாக இருக்கும் என்று வெள்ளையர் நெடுநாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். பின்னாளிலே அரபி அறிந்தோர் படித்துப் பார்த்தபோது, 10-ஆம் நூற்றாண்டுச் சட்ட நூல் ஒன்றிலிருந்து அவர் நினைவிலே தங்கியதை எழுதி வைத்திருந்தது தெரிந்தது. பருத்திக் காட்டிலே முதுகு வளைந்தவர் மூளைக்குள்ளே ஒரு நூலகத்தைச் சுமந்து கடல் தாண்டியிருக்கிறார். அந்தச் சுவடி இன்று ஜார்ஜியா பல்கலைக்கழகத்திலே இருக்கிறது.

அதே அமெரிக்காவிலே 1975-இல் வாரித் தீன் முகம்மது என்ற கறுப்பின முஸ்லிம் தலைவர், தந்தைக்குப் பின் இயக்கத்தின் பொறுப்பை ஏற்றார். வெள்ளை எஜமானர்கள் இட்ட குடும்பப் பெயர் வேண்டாம் என்று எக்ஸ் என்ற எழுத்தை ஒட்டிக்கொண்டிருந்த இயக்கம் அது; மால்கம் எக்ஸ் பெயரைக் கேள்விப்படாதவர் யார்? புதிய தலைவர், நாம் நீக்ரோக்கள் அல்லர், பிலாலியர் என்றார். இயக்க ஏட்டின் பெயரும் 'பிலாலியன் நியூஸ்' ஆயிற்று. தெருமுனையிலே ஏடு விற்றுப் பழகிய தோழர்களுக்கு இதன் சுவை புரியும்: 1,300 ஆண்டுகளுக்கு முன் கூரைமீது நின்று கூவியவரின் பெயர், நியூயார்க், சிகாகோ தெருக்களிலே கூவி விற்கப்பட்டது.

இன்று பாகிஸ்தானிலே, துருக்கியிலே, போஸ்னியாவிலே, பிரான்சின் பாட்டாளிப் பேட்டைகளிலே பிலால்கள் ஏராளம். துனீசியாவிலே பிலேல் என்பார்கள், வங்காளத்திலே பெலால். கொச்சி நகரத்துக் கதையான 'பிக் பி' மலையாளப் படத்திலே, 2007-இல், மம்முட்டி ஏற்ற வேடத்தின் பெயர் பிலால் ஜான் குரிசிங்கல். இசுலாமியப் பெயரும் கிறிஸ்தவக் குடும்பப் பெயரும் ஒரே சட்டைக்குள்! நம் நாட்டுத் திரையரங்குகளிலும் கைதட்டினார்கள்.

பெயர் போற்றப்பட்டது. பெயருக்குரியவரைக் கட்டியிருந்த கயிறு? இதைக் கேளாமல் கட்டுரையை முடித்துக்கொண்டால் நாம் புகழ்மாலை தொடுப்பவராகிவிடுவோம். அடிமையை விடுவிப்பது நற்செயல் என்று போதிக்கப்பட்ட மண்ணிலேயே, பிலாலின் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லித் தூங்கவைத்துக்கொண்டே, 1,300 ஆண்டுகளாக அடிமைச் சந்தை நடந்தது. சவூதி அரேபியாவிலே அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது எப்போது தெரியுமா? 1962-இல்! பிலால் கயிற்றால் இழுக்கப்பட்ட மக்கா அந்த நாட்டிலேதான் இருக்கிறது. மாரித்தானியா நாட்டிலே 1981-இல் ஒழித்ததாக அறிவித்தார்கள். அடிமை வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று சட்டம் வந்ததோ 2007-இல். அதே ஆண்டு அந்நாட்டின் தேசிய சட்டமன்றத் தலைவராக அமர்ந்தவர், அடிமைப் பெற்றோருக்குப் பிறந்த மெஸ்ஸவூத் உல்து புல்கைர். மெஸ்ஸவூத் என்றால் நற்பேறு பெற்றவன். கூப்பிடுகிறவன் காது குளிரப் பெயரிடும் வழக்கத்துக்கு எவ்வளவு நீண்ட ஆயுள் பாருங்கள்! ஏமன் நாட்டிலே குப்பை அள்ளும் வேலையிலேயே தள்ளப்பட்டு, கறுப்பர் என்றே ஒதுக்கப்பட்டுக் கிடக்கும் மக்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களை ஒதுக்குவோரும் பாங்கைக் கேட்டுத்தான் துயிலெழுகிறார்கள்.

மலாய் மொழியிலே நடந்தது இன்னொரு வகை. அங்கே பிலால் என்பது ஆளின் பெயராக மட்டும் நிற்காமல் தொழிலின் பெயராகவே ஆகிவிட்டது. பள்ளிவாசலிலே பாங்கு சொல்பவர் யாராயினும் அவர் பிலால். அவருக்குத் தாய் தந்தை இட்ட பெயர் இஸ்மாயிலாக இருக்கலாம், யூசுப்பாக இருக்கலாம். நம் தமிழ்நாட்டிலும் பல ஊர்ப் பள்ளிவாசல்களிலே மோதினார் என்ற சொல்லோடு பிலால் என்ற சொல்லும் வழங்குகிறது. 2009-இல் தமிழ்நாட்டு அரசு அமைத்த உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியத்தின் உறுப்பினராகத் தக்கவர்களைக் குறிக்கும் வரிசையிலே, பேஷ் இமாம்கள், அரபி ஆசிரியர்கள், மோதினார்கள் என்பதோடு பிலால்கள் என்றும் அச்சாகியிருக்கிறது. வைகறைக்கு முன்னே எழுந்து, பள்ளியின் விளக்கேற்றி, முற்றம் கூட்டி, நீர்த்தொட்டி நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒலிபெருக்கியின் முன் போய் நிற்கும் எளிய தொழிலாளி அவர். நலிந்த நாளிலே உதவி கேட்டு விண்ணப்பத் தாளிலே தம் பெயரை எழுதுகிறார். அடுத்த கோட்டிலே, செய்யும் தொழில் என்ற இடத்திலே, பிலால் என்று எழுதுகிறார்.